வாசகர் வட்டத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடி, எல்லோரும் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். புதிதாக வருகிறவர்கள் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டுகிற நேரத்தில்தான் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே சந்தேகங்களை. நின்று பேச நேரம் இருக்காது, பாதிப் பதிலோடு கிளம்பிவிடுவார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலை முழுதாகச் சொல்லியிருக்கிறேன். இதெல்லாம் என் பழக்கங்கள், என் ருசி. வட்டத்தில் எல்லோரும் இப்படிப் படிப்பதில்லை.

"ஏனுங்க அக்கா, வேலைக்கும் போயிட்டு வீட்டையும் பாத்துட்டு எப்பத்தான் படிக்கறீங்க?"

விடியற்காலையில். நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், ஷிப்மென்ட் நெருங்கினால் வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பதுகூட ஆகும், அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தால் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். ஐந்து மணிக்கு எழுந்தால் வீடு முழித்துக்கொள்வதற்குள் முக்கால் மணி நேரம் கிடைக்கும். தண்ணீர் விடுகிற நாளில் அதுவும் கிடையாது, குடம் பிடிக்கவே சரியாக இருக்கும். அந்த நாளை விட்டுவிடுவேன்.

ஞாயிறு மதியம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். இந்த ஊரில் சனிக்கிழமை சம்பளம் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் கால் வைக்க இடம் இருக்காது, அதனால் கடைக்குப் போவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு மதியத்தைப் படிக்க எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஆபீஸில் பார்க்கிற கணக்கே போதும்.

"எந்தப் புத்தகத்தை எடுக்கறதுன்னு எப்படி முடிவு பண்றீங்க?"

பின் அட்டையைப் படிக்க மாட்டேன், அதில் பெரும்பாலும் கதையைச் சொல்லிவிடுவார்கள், இல்லாவிட்டால் எழுத்தாளரைப் புகழ்ந்திருப்பார்கள். நடுவில் எங்கேயாவது திறந்து நாலைந்து பக்கம் படிப்பேன். அந்தப் பக்கங்களில் வருகிற ஆள் என்ன வேலை செய்து சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் எடுத்துக்கொள்வேன். உப்பு வாருவதோ, தறி நெய்வதோ, பனை ஏறுவதோ, ஆடு மேய்ப்பதோ, எதுவானாலும் சரி. ஐந்து பக்கமும் மனதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால் திரும்ப வைத்துவிடுவேன், அது நல்ல புத்தகமாகவே இருந்தாலும்.

இன்னொரு வழியும் உண்டு. நூலகப் புத்தகத்தில் தேதி முத்திரை குத்துகிற தாள் ஒட்டியிருப்பார்களே, அதைப் பார்ப்பேன். பல வருடமாக முத்திரையே விழாத புத்தகம் என்றால் அதற்கென்று ஒரு தடவை கூடுதலாகப் புரட்டுவேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் ஒருவர் உண்டு என்பது அதில் மூன்றாவது. அலமாரியின் கீழ்த்தட்டில் தூசியோடு இருக்கிற புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விதி நினைவுக்கு வரும்.

"எப்பப் பாத்தாலும் தொழிலாளிங்க கதையேதானா? சலிச்சுப் போகாதா?"

இது என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படுகிற கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் தேடுவது தொழிலாளியின் கஷ்டத்தை மட்டும் அல்ல. வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு கதை காட்டும்போது, அந்த வேலைக்குள் இருக்கிற அறிவு, பயம், திறமை, யார் யாருக்கு அடங்கிப் போக வேண்டும் என்கிற விஷயம், கூலி எந்தக் கணக்கில் வருகிறது என்பதெல்லாம் சேர்ந்து வந்துவிடும். காதலும் சாவும் எல்லா நாவலிலும் வரும், ஆனால் தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலும் உப்பும் சேர்ந்து ஒரு பெண்ணின் கண்ணையும் பாதத்தையும் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள நான் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' படித்தாக வேண்டும்.

தறிக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-ல் வந்தது. கைத்தறி நெசவாளிகள் நூல் கிடைக்காமல், நெய்த துணி விற்காமல், குடும்பம் குடும்பமாகத் தவித்த காலத்தைச் சொல்கிற நாவல். அதை நான் படித்தபோது இங்கே நூல் விலை ஏறி ஆர்டர்கள் நின்றுகொண்டிருந்த நேரம். நான் எழுதுகிற கணக்குப் புத்தகத்தில் நூல் விலை என்பது ஒரு வரி. அந்த வரி ஏறினால் எத்தனை வீட்டு அடுப்பு வரைக்கும் போகும் என்று அந்த நாவல் எனக்குக் காட்டியது.

எங்கள் ஊரைப் பற்றியே இரண்டு நாவல்கள் உண்டு. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998-ல் வந்தது, சாயத் தண்ணீர் நொய்யல் ஆற்றையும் மனிதர்களையும் என்ன செய்கிறது என்பதுதான் அதன் விஷயம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது, அதற்குப் பல வருடம் முன்பே ஒரு நாவல் அதைப் பேசிவிட்டது. இன்னொன்று எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை', 2004. சேர்ந்து வளர்ந்த ஐந்து நண்பர்கள் பனியன் தொழிலுக்குள் போய் என்ன ஆகிறார்கள் என்று சொல்கிற பெரிய நாவல். திருப்பூரில் இருந்துகொண்டு இந்த இரண்டையும் படிக்காமல் இருப்பதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது, வட்டத்தில் சேருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவேன்.

சலிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உப்பளமும் கடலும் தறியும் ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறு. சலிக்க இடமே இல்லை.

"பெரிய புத்தகம்னா எனக்கு பயம். எதுல ஆரம்பிக்கலாம்?"

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. ஒரே மாலையில் படித்துவிடலாம். ஒரு ஜல்லிக்கட்டு, தகப்பனைக் கொன்ற காளையை அடக்க வந்திருக்கிற மகன், அவ்வளவுதான் கதை. மாடு அணைவதில் இருக்கிற நுணுக்கம் ஒவ்வொன்றும் அதில் உண்டு. வாடிவாசலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதியது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', 1977. வள்ளம் என்கிற நாட்டுப் படகில் போகிறவர்களுக்கும் லாஞ்ச் என்கிற விசைப்படகில் போகிறவர்களுக்கும் இடையில் மூளுகிற பகை ஒரு பக்கம், பிலோமி என்கிற பெண்ணின் மனசு ஒரு பக்கம். அப்புறம் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. குமரிப் பக்கத்தில் நொடித்துப்போன ஒரு பெரிய வீட்டுப் பெண்ணுக்கும் பனையேறியின் மகனுக்கும் நடக்கிற கதை. இந்த மூன்றையும் முடித்தவர்கள் அதன் பிறகு பக்க எண்ணிக்கையைப் பார்த்து என்னிடம் பயந்ததில்லை.

"அப்ப பொன்னியின் செல்வன் எல்லாம் உங்களுக்குப் பிடிக்காதா?"

பிடிக்கும். எங்கள் அம்மா அதை வாராவாரம் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகளில் படித்தவர், பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் அது போய்ப்போய் வரும். கல்கி பத்திரிகையில் 1950-லிருந்து 1954 வரை தொடராக வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்துக்கு ஆளை இழுக்க வேண்டும் என்கிற கட்டாயத்தோடு எழுதப்பட்டது. அந்த இழுப்பு இன்றைக்கும் வேலை செய்கிறது. தமிழில் படிக்கப் பழகியவர்களில் எத்தனையோ பேர் அதில்தான் பழகினார்கள்.

நான் மறுபடி மறுபடி எடுக்கிற புத்தகம் அது அல்ல, அவ்வளவுதான். அரண்மனை நடக்க யார் நெல் அறுத்தார்கள், படகு யார் கட்டினார்கள் என்று என் புத்தி அந்தப் பக்கமே போகும். பூங்குழலி படகு தள்ளுகிற இடங்கள் எனக்கு ரொம்பப் பிடித்ததற்கும் அதுதான் காரணம்.

"வட்டார வழக்கு புரியவே மாட்டேங்குது. பாதி வார்த்தை விட்டுப் போயிடுது."

முதல் முப்பது நாற்பது பக்கம் விட்டுத்தான் போகும், போகட்டும். நிறுத்தாமல் படியுங்கள், வாயைத் திறந்து சத்தமாகப் படித்தால் இன்னும் நல்லது. காதுக்குப் பழகிவிட்டால் அதே சொல் நாலாவது தடவை வரும்போது தானாகப் புரியும். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நமக்கு எளிதாக இருக்கும், கொங்குப் பேச்சுதானே. அதே நாவலைத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் உறுப்பினர் ஒருவர் ரொம்பச் சிரமப்பட்டுப் படித்தார், அவருக்காகக் கூட்டத்தில் சில பக்கங்களை நாங்கள் வாய்விட்டு வாசித்துக் காட்டினோம்.

அதற்கு மேலும் வேண்டுமானால் அகராதிகள் இருக்கின்றன, எழுத்தாளர்களே தொகுத்தவை. கரிசல் பகுதிச் சொற்களுக்கு கி. ராஜநாராயணன், கொங்குச் சொற்களுக்குப் பெருமாள்முருகன், விருத்தாசலம் பக்கத்து நடுநாட்டுச் சொற்களுக்குக் கண்மணி குணசேகரன். மூன்று பேரும் நாவல் எழுதுகிற வேலைக்கு நடுவில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்கள். நினைத்தாலே எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். பொதுவான சொற்களுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, முதல் பதிப்பு 1992-ல் வந்தது, பிறகு விரித்துப் போட்டிருக்கிறார்கள். நூலகத்தில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும், வீட்டுக்குத் தர மாட்டார்கள்.

"பிடிக்கலைன்னா பாதியில விட்டுடுவீங்களா?"

விட்டுவிடுவேன். ஆனால் வட்டத்துக்காக எடுத்த புத்தகம் என்றால் கடைசிவரை படிப்பேன், ஏனென்றால் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், பாதி படித்துவிட்டுக் காரணம் சொல்வது எழுதியவருக்கு நியாயம் ஆகாது. சொந்தமாக எடுத்ததாக இருந்தால் ஐம்பது பக்கத்துக்குள் தெரிந்துவிடும். விட்ட புத்தகத்தின் பெயரையும் குறித்து வைப்பேன். சில வருடம் கழித்து அதே புத்தகம் நன்றாக ஓடுவதும் உண்டு.

"முக்கியமான வரிக்கெல்லாம் கோடு போடுவீங்களா?"

நூலகப் புத்தகத்தில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன். எனக்கு முன்னால் யாரோ நீல மையில் கோடு போட்டிருந்தால், அவர் நிறுத்தச் சொன்ன இடத்திலெல்லாம் நானும் நிற்க வேண்டியதாகிவிடுகிறது. அது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம்.

அதற்குப் பதில் ஒரு நாற்பது பக்க நோட்டு. புத்தகப் பெயர், பக்க எண், அந்த இடம் ஏன் நிறுத்தியது என்று ஒரு வரி, அவ்வளவுதான். வரியை அப்படியே எழுதி வைப்பதில்லை, பக்க எண் இருந்தால் திரும்பப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நாவலில் வருகிற கூலி, விலை, வாடகை இதையெல்லாம் தனியாகக் குறித்துக்கொள்வேன். கணக்கு எழுதுகிற பழக்கமோ என்னவோ, ஒரு படி அரிசி என்ன விலை விற்ற காலத்தில் இந்தக் கதை நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த வீட்டுச் சண்டை எனக்குச் சரியாகப் புரிகிறது.

"காசு போட்டு வாங்காம ஏன் லைப்ரரியிலயே எடுக்கறீங்க? நாலு புத்தகம் வாங்கினா எழுத்தாளருக்கும் உதவிதானே?"

உதவிதான், நானும் வாங்குகிறேன். திருப்பூர் புத்தகத் திருவிழாவுக்கு வருடா வருடம் போய், வட்டத்தில் பேசி எனக்கு ரொம்பப் பிடித்துப்போன புத்தகங்களை மட்டும் வாங்குவேன். முதலில் நூலகத்தில் படித்துவிட்டு அப்புறம் வாங்குவதுதான் என் வழி. வீட்டில் ஒரு அலமாரிதான் இருக்கிறது, அதில் திரும்பப் படிக்கிற புத்தகங்களுக்குத்தான் இடம்.

ஆனால் நூலகத்தை நான் விடாததற்கு வேறு காரணமும் உண்டு. பொது நூலகத்துக்கென்று இந்தியாவில் முதலில் சட்டம் போட்ட மாகாணங்களில் சென்னை மாகாணம் முன்னால் நின்றது, 1948-ல். அந்தச் சட்டத்தின்படிதான் நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது, ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருப்பார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களும் அதை வாடகையில் ஏதோ ஒரு வகையில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வரியைக் கட்டிவிட்டு உறுப்பினர் அட்டை எடுக்காமல் இருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் அடிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேரை நானே கையோடு கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டிருக்கிறேன். ஒன்றரை ஷிப்ட் முடிந்து அவர்கள் வருவதற்குள் நூலகம் பூட்டிவிடுகிறது என்பதுதான் பெரிய பிரச்சினை. வெள்ளிக்கிழமை வேறு விடுமுறை. ஞாயிறு திறந்திருப்பதால் பிழைத்தோம்.

"நான் தேடற புத்தகம் நம்ம லைப்ரரியில இல்லையே, என்ன பண்ணட்டும்?"

முதலில் நூலகரிடம் கேளுங்கள், அலமாரியில் இடம் மாறி வைத்திருக்கலாம், வேறு யாராவது எடுத்திருக்கலாம். இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் பாருங்கள், அங்கே தொகை பெரியது. வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதியும் கொடுக்கலாம், சும்மா வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எங்கள் வட்டத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம், யாராவது ஒருவர் புத்தகத்தை வாங்கிவிட்டால் அது கை மாறி எல்லோர் வீட்டுக்கும் போய் வரும்.

"போன்ல பிடிஎஃப் படிக்கறது உண்டா?"

உண்டு, அச்சில் கிடைக்காத பழைய புத்தகங்களுக்கு. அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் புத்தகங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து போன நூற்றாண்டு நாவல்வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் அவர் உயிரோடு இருக்கும்போதே நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, அதனால் மேலே சொன்ன 'கரிப்பு மணிகள்' கைக்குக் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது விற்பனையில் இருக்கிற புத்தகத்தின் திருட்டுப் பிரதி வாட்ஸப்பில் வந்தால் திறக்க மாட்டேன், யாருக்கும் அனுப்பவும் மாட்டேன். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

"ஆடியோவா கேட்டா அது படிச்ச கணக்குல வருமா?"

எனக்கு வரும். செக்கிங் டேபிளில் நின்றபடியே காதில் மாட்டிக்கொண்டு ஒரு நாவலை முழுதாகக் கேட்டு முடித்துவிட்டு வந்து, புத்தகம் கையில் வைத்திருந்த எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பேசிய பெண் வட்டத்தில் இருக்கிறாள். கூட்டத்தில் குறிப்பிட்ட இடத்தைச் சுட்டிக் காட்டுவதற்கு மட்டும் பக்கத்தில் ஒரு பிரதி இருந்தால் வசதி.

"மொழிபெயர்ப்பு படிப்பீங்களா? எனக்கு அந்தத் தமிழ் ஓடவே மாட்டேங்குது."

மொழிபெயர்த்தவர் யார் என்று பார்த்து எடுங்கள். தகழியின் 'செம்மீ'னையும் 'தோட்டியின் மக'னையும் மலையாளத்திலிருந்து கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி, அவரே பெரிய நாவலாசிரியர், தமிழ் தடுக்கவே தடுக்காது. 'தோட்டியின் மகன்' ஆலப்புழையில் மலம் அள்ளியவர்களின் மூன்று தலைமுறைக் கதை. அந்த வேலையைச் செய்ய வைக்கப்பட்டவர்களின் பக்கத்தில் நின்று எழுதியது, படித்து முடித்து ரொம்ப நாள் வேறு எதையும் என்னால் எடுக்க முடியவில்லை.

தாராசங்கர் பந்தோபாத்யாயாவின் 'ஆரோக்கிய நிகேதனம்', த.நா. குமாரஸ்வாமி வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்தது. நாடி பிடித்துச் சாவைச் சொல்லிவிடுகிற ஒரு நாட்டு வைத்தியர், புதிதாக வந்திருக்கிற இங்கிலீஷ் டாக்டர், இவர்களுக்கு நடுவில் ஓடுகிற கதை. வேலை தெரிகிற நாவல் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. அப்புறம் 'எரியும் பனிக்காடு'. வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டுகளில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழில் கொண்டுவந்தார். நம் பக்கத்து மலை, நம் மக்கள். அது தமிழுக்கு வந்து சேர அத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

"கவிதை பக்கமே போக மாட்டீங்களாமே?"

அப்படிச் சொன்னது யாரென்று தெரியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறேன். சங்கப் பாட்டுகளை உரையோடு வைத்துக்கொண்டு படிக்கிறேன். அதிலும் என் கண் போகிற இடம் அதேதான். அகநானூற்றில் உப்பு விற்கிற உமணர் பெண் ஒருத்தி, நெல்லுக்குச் சரியளவு உப்பு என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிற பாட்டு இருக்கிறது. மாட்டு வண்டியில் உப்பு ஏற்றிக்கொண்டு போகும் உமணர்கள் பல பாட்டுகளில் வருகிறார்கள். அதைப் படித்துவிட்டு உடனே 'கரிப்பு மணிக'ளைத் திறந்தேன். அந்த வரிசையில் படித்தது எனக்கு ரொம்பப் பெரிய அனுபவமாக இருந்தது. நீங்களும் அப்படிச் செய்து பார்க்கலாம்.

"படிச்சு முடிக்கலைன்னாலும் கூட்டத்துக்கு வரலாமா?"

கட்டாயம் வாருங்கள். மறைக்க வேண்டாம், எத்தனை பக்கம் வந்திருக்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மற்றவர்கள் முடிவைச் சொல்வதை நீங்கள் தடுக்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாதியில் நிற்கிறவர் கேட்கிற கேள்வி பல நேரம் நன்றாக இருக்கும், முடிவு தெரியாததால் பாத்திரங்களை அவர் இன்னும் மன்னித்துக்கொண்டிருப்பார்.

"எல்லாரும் நல்லாயிருக்குன்னு சொல்றப்ப நீங்க மட்டும் இல்லைன்னு சொல்றது சங்கடமா இல்லையா?"

சங்கடம்தான், குறிப்பாக வட்டத்தில் பெரியவர்கள் இருக்கும்போது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வருவார், ஐயா பேசினால் எல்லோரும் தலையாட்டுவோம், அவ்வளவு படித்தவர். அவருக்குப் பிடித்த புத்தகத்தை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லும்போது நோட்டில் குறித்த பக்க எண்களை எடுத்து வைத்துக்கொள்வேன். "இந்த இடத்தில் இந்த ஆள் தறியை விட்டு எழுந்து மூன்று நாள் ஊர் சுற்றுகிறார், வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று ஆசிரியர் சொல்லவே இல்லைங்கய்யா" என்று சொன்னால் அவரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

"எழுத்தாளரோட அரசியலோ நடத்தையோ பிடிக்கலைன்னா அவர் புத்தகத்தைப் படிப்பீங்களா?"

இதில் வட்டத்துக்குள்ளேயே எங்களுக்கு ஒத்த கருத்து கிடையாது. நான் படிப்பேன், ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிப்பேன். வெளியே மேடையில் யாரைத் தாழ்வாகப் பேசுகிறாரோ அவர்களை நாவலுக்குள்ளும் அப்படியே நடத்துகிறாரா என்று. சிலர் எழுதும்போது தங்கள் கருத்தைவிடப் பெரிய மனதோடு எழுதிவிடுகிறார்கள், அவர்களை என்னால் விட முடியவில்லை. நாவலுக்குள்ளும் அதே இளப்பம் இருந்தால் மூடிவிடுவேன். எழுத்தாளரால் நேரடியாகக் காயப்பட்ட சமூகத்திலிருந்து வருகிற உறுப்பினர் "நான் இதைப் படிக்க மாட்டேன்" என்று சொன்னால் அவரை வற்புறுத்தக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன், அந்த மாதம் வேறு புத்தகத்தை எடுத்துக்கொள்வோம்.

"ராஜம் கிருஷ்ணன் உப்பளத்துல வேலை செஞ்சவங்க இல்லையே. வெளியில இருந்து போய் எழுதறது சரியா?"

வட்டத்தில் நான் கேட்டதிலேயே கடினமான கேள்வி. சின்ன வயசுக்காரர்கள்தான் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதும்தான். ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களிடமும் மீனவர்களிடமும் சிவகாசித் தீப்பெட்டி ஆலைப் பிள்ளைகளிடமும் நேரில் போய்ப் பழகித் தகவல் திரட்டி எழுதியவர், சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரர்களைச் சந்தித்துக்கூட ஒரு நாவல் எழுதினார். அந்த உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அதே சமயம் சில இடங்களில் பாத்திரம் பேசுவதை நிறுத்திவிட்டு ஆசிரியர் பேசத் தொடங்குவதும் தெரிகிறது, வந்து பார்த்தவரின் பதற்றம் அது.

உவரியில் பிறந்த ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-ல் வந்தபோது கடலோர வாழ்க்கை உள்ளிருந்தே பேசியது. காற்றும் நீரோட்டமும் அதில் தகவலாக வராது, சாப்பாடு மாதிரி இயல்பாக வரும். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்த கண்மணி குணசேகரன் 'நெடுஞ்சாலை' எழுதும்போது பஸ்ஸின் அடியில் படுத்திருந்தவருக்கு மட்டும் தெரிகிற விஷயங்கள் வந்து விழுகின்றன. இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், உள்ளிருந்து வருகிற எழுத்துக்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். ஆனால் உப்பளத்துக்குள்ளிருந்து ஒருவர் எழுத உட்காரும்வரை யாருமே எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு அந்தப் பெண்களைத் தெரிந்தே இருக்காது. அதனால் ராஜம் கிருஷ்ணனுக்கு நன்றியோடுதான் படிக்கிறேன், குறையையும் சொல்லிக்கொண்டேதான் படிக்கிறேன்.

"நம்ம பனியன் கம்பெனி பத்தி நீங்களே எழுதலாமே அக்கா?"

கேட்பவர்கள் அன்பாகக் கேட்கிறார்கள் என்று தெரியும். எனக்கு எழுத ஆசை இல்லை, படிக்கத்தான் ஆசை. ஆனால் மேலே சொன்ன பதிலை வைத்தே பார்த்தால், எழுத வேண்டியவர்கள் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். கைமடி எடுக்கிற பிள்ளை ஒருத்தி தன் ஹாஸ்டல் அறையைப் பற்றி ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள், நன்றாக இருந்தது. அதை அவள் அடுத்த கூட்டத்தில் வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"அடுத்து என்ன படிக்கறோம்?"

டி. செல்வராஜின் 'தோல்'. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களையும் அவர்கள் சங்கம் கட்டியதையும் பற்றிய நாவல், 2012-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. பெரிய புத்தகம், அதனால் இரண்டு கூட்டமாகப் பிரித்திருக்கிறோம். நூலகப் பிரதி இப்போது ஒரு உறுப்பினரிடம் இருக்கிறது, என் சொந்தப் பிரதி என் மேஜையில் இருக்கிறது, முதலில் கேட்கிறவர்களுக்குத் தருகிறேன். முதல் கூட்டத்துக்குப் பாதிவரை படித்தால் போதும்.